மடத்துல இருக்கிற புள்ளைக்காக

ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் அப்பாவும் நானும் எட்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை என்றால் கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தினமும் சாயங்காலம் ஐம்பத்து மூன்று தடவை நாங்கள் ஒருவருக்கொருவர் வாய் திறந்தோம். ஜெபமாலையில் மொத்தம் அத்தனை அருள் நிறைந்த மந்திரம். கத்தோலிக்க வீடுகளில் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வது வழக்கம். முன்பாதியை வீட்டுத் தலைவர் சொல்ல, பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அவர் "அருள் நிறைந்த மரியாயே" என்று தொடங்கிப் பாதியில் நிறுத்துவார். நான் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று எடுத்து முடிப்பேன். நான் முடிக்காமல் அவர் அடுத்த மணிக்குப் போக முடியாது. அவர் தொடங்காமல் எனக்கு அங்கே வேலை கிடையாது. கடைசியில் சிலுவை வரைந்துகொண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வெளியே போவார், நான் அடுப்படிக்குப் போவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சுவார்த்தை.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். செம்மண், முந்திரித் தோப்பு, நடுவில் ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய கோயில். ஊரில் முக்கால்வாசிப் பேர் வேதக்காரர்கள், கத்தோலிக்கர்கள். என்னைப் பெற்ற கையோடு அம்மாவுக்கு ஜன்னி கண்டுவிட்டதாம். பிழைக்கமாட்டாள் என்று மருத்துவச்சி கைவிரித்த பிறகு, அப்பா ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடந்தே போய், இவளைக் காப்பாற்றிக் கொடுத்தால் பிறந்த பெண்ணை மடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று பொருத்தனை வைத்தார். அம்மா பிழைத்துக்கொண்டாள். ஊரில் மற்றவர்கள் பொருத்தனைக்கு மெழுகுவர்த்தி கொடுப்பார்கள், மிஞ்சிப்போனால் ஆட்டுக்கிடா கொடுப்பார்கள். என் அப்பாவுக்கு நான் கிடைத்தேன்.

அதில் எனக்கு வருத்தமொன்றும் இருந்ததில்லை. பிறந்தது முதல் 'இது மாதாவோட புள்ள' என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அது கண்ணின் நிறம் மாதிரி ஒன்று. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் தகரப் பெட்டியோடு அப்பா என்னைக் கொண்டுபோய் மடத்தில் விட்டார். வாசலில் என் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பெருமையில் அவருடைய முதுகு அன்றைக்கு அத்தனை நிமிர்ந்திருந்தது. இரண்டாம் வருஷம் அம்மா இறந்தபோது ஒரு நாள் அனுமதியில் வந்து மண் போட்டுவிட்டுப் போனேன். அன்றும் அவர் என்னிடம், "நீ இங்க அழுவக் கூடாது, நீ சர்வேசுரன் புள்ள" என்றார். நான் அழவில்லை.

மடத்தில் என் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான். அதிகாலையில் அரை மணி நேரம் மௌன தியானம். கண்ணை மூடி, மனத்தை அடக்கி, ஆண்டவர் பேசுவதைக் கேட்க வேண்டும். பிறகு எங்களைப் பயிற்றுவித்த மதர், "இன்னிக்கு ஆண்டவர் உங்ககிட்ட என்ன சொன்னார்?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பார். மற்ற பெண்களுக்கு ஆண்டவர் தபால்காரர் மாதிரி ஒரு நாள் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருத்தியிடம் பொறுமையாயிரு என்றாராம். இன்னொருத்தியிடம் உன்னை நேசிக்கிறேன் என்றாராம். எனக்குக் கேட்டதெல்லாம் சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தமும் பக்கத்தில் இருந்தவளின் மூக்கடைப்பும்தான். முதல் நாள் வெறும் கையோடு நிற்க வெட்கப்பட்டு, "தாழ்மையா இருக்கச் சொன்னார் மதர்" என்று சொல்லிவிட்டேன். மதர் தலையசைத்தார். பிறகு தினம் ஒன்று கட்டிச் சொல்வது பழக்கமாகிவிட்டது. நாலரை வருஷம் ஆண்டவர் பெயரைச் சொல்லி அத்தனை நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூட அவர் சொன்னதல்ல.

துறவறத்துக்கு முதல் வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள் நெருங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. மதரிடம் போய், "எனக்கு ஒரு நாளும் எதுவும் கேட்டதில்ல மதர். சொன்னதெல்லாம் நானாச் சொன்னது" என்றேன். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"கேக்காதது பாவமில்லம்மா. எனக்கே எத்தனையோ வருஷமா ஒண்ணும் கேக்கல" என்றார். பிறகு, "நீயா வந்தியா, ஒன்ன அனுப்புனாங்களா?" என்று கேட்டார்.

அதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி அது. "அனுப்புனாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அந்த மதர் நல்லவர். கோபித்துக்கொள்ளவில்லை. வழிச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட ஒரு சிஸ்டரையும் துணைக்கு அனுப்பினார். அரியலூரில் இறங்கி, ஜெயங்கொண்டம் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, அதே தகரப் பெட்டியோடு நான் ஊருக்கு வந்து இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணன்கள் இருவரும் நெய்வேலியில் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்காவைப் பெரம்பலூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. அப்பா தனியாகத்தான் இருந்தார். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மறுபடியும் வைக்கோலை உதறினார்.

நான் பெட்டியை உள்ளே வைத்து, முகம் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்தேன். கோயில் மணி அடித்ததும் அப்பா திரு இருதயப் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றி முழங்காலில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் இரண்டு கை தள்ளி நின்றேன். ஜெபமாலை முடிந்தது. முடிந்த பிறகு கருத்துக்கள் சொல்வார்கள். இன்னாருக்காக என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு பரலோக மந்திரம், அதுவும் இரண்டு பாதியாகத்தான். பாப்பரசருக்காக, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்காக, அம்மாவுக்காக, மழைக்காக. பிறகு பெரிய அண்ணன் பெயர், சின்ன அண்ணன் பெயர், அக்கா பெயர். கடைசியாக அப்பா அதே குரலில் சொன்னார்.

"மடத்துல இருக்கிற புள்ளைக்காக, அதோட தேவ அழைத்தல் நெலச்சு நிக்க, ஒரு பரலோக மந்திரம்."

சொல்லிவிட்டு முன்பாதியைச் சொன்னார். பழக்கம் பாருங்கள், என் வாய் தன்பாட்டுக்குப் பின்பாதியைச் சொல்லி முடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு அதை நாக்குப் பழக்கம் என்று நினைத்தேன். நாலரை வருஷமாகச் சொல்லி வந்தது, ஒரே நாளில் மாறுமா? இரண்டாம் நாளும் சொன்னார். மூன்றாம் நாளும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து பக்கத்தில் இருந்தபோதும், குரல் ஒரு பிசிறுகூடத் தட்டாமல் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் விளக்கைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், வீட்டை விட்டுப் போ என்றிருக்கலாம். எதையும் செய்யவில்லை. நான் வரவில்லை என்று முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான். நானும் அன்றைக்கே ஒரு முடிவு செய்தேன். எனக்கு மன்னிப்பு வேண்டாம், கொஞ்சல் வேண்டாம். அந்த ஒரு வாசகத்தை அவர் மாற்ற வேண்டும். இந்த வீட்டில்தான் நான் இருக்கிறேன் என்று ஆண்டவரிடம் ஒரே ஒரு தடவை ஒத்துக்கொண்டால் போதும்.

மற்ற நேரத்தில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மாட்டிடம் சொல்வார். "ஒனக்கு இன்னிக்குத் தண்ணி காட்டுனாங்களா, இல்லியா?" என்று அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்பார். அது எனக்கு. "நாளைக்குத் தோப்புல கொட்ட பொறுக்க ஆளு வருது" என்பார். மாடு ஆட்களுக்குக் கஞ்சி காய்ச்சப் போகிறதா என்ன? அதுவும் எனக்குத்தான். நானும் சளைத்தவள் இல்லை. உப்புத் தீர்ந்துபோனால் அதே மாட்டிடம் போய், "உப்பு இல்லாம தின்னு பழகிக்க" என்பேன். மறுநாள் உப்பு வந்துவிடும். இப்போது சொல்லும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது ராத்திரிச் சோற்றைத் தனியாகப் பிசையும்போது சிரிப்பு வந்ததில்லை.

ஊர் எனக்கு 'சிஸ்டரு' என்று பெயர் வைத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் 'சிஸ்டரக்கா' என்றார்கள். அது பரவாயில்லை. பெரிய பெண்கள் சொல்லும்போது அந்த வார்த்தையின் வாலில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு வரும். கோயிலில் பெண்கள் பக்கம் நான் போய் உட்கார்ந்தால், இரண்டு பேர் உட்காரும் இடம் எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும். கல்யாண வீட்டில் நலங்கு வைக்க என்னைக் கூப்பிடமாட்டார்கள். மடத்துக்குப் போய்த் திரும்பியவள் கை வைத்தால் பெண்ணும் திரும்பி வந்துவிடுவாளாம். கிணற்றடியில் ஒருத்தி இதை என் காதுபடவே சொன்னபோது எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான் மடத்துலேந்து வந்தேன்டி, ஜெயில்லேந்து வரல" என்றேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் நான் போகும் நேரத்தில் அவர்கள் யாரும் கிணற்றடிக்கு வருவதில்லை. வாயால் நான் ஜெயித்ததெல்லாம் இப்படித்தான் முடியும்.

ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோது பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா இப்படிச் செய்கிறார், ஜெபத்திலேயே பொய் சொல்கிறார், கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் கோபமாக வருகிறது என்று. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, ஒன்னோட பாவத்தச் சொல்லு. ஒங்கப்பா பாவத்த அவரு வந்து சொல்லிக்குவாரு" என்றார். ஆனாலும் மனசு கேட்காமல் அடுத்த வாரம் அப்பாவிடம் பேசியிருக்கிறார். என்ன பதில் வந்தது என்று அவரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா சொன்னது இதுதான்: "குடுத்தது குடுத்ததுதாங்க சாமி. அவங்கம்மாவப் பதினெட்டு வருசம் எங்கூட விட்டு வச்சாங்க மாதா. வாங்கிக்க வேண்டியதெல்லாம் வாங்கிக்கிட்டு, குடுத்தத மட்டும் திரும்ப எடுத்துக்கிட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"

அதைக் கேட்டதும் என் கோபம் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதி கெட்டியாகிவிட்டது. அம்மாவின் அந்தப் பதினெட்டு வருஷத்துக்காக அவர் நன்றியோடிருக்கிறார், சரி. அதில் பதினாறு வருஷம் நானும்தானே அந்த வீட்டில் பிள்ளையாக இருந்தேன்?

மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ, அக்கா பெரம்பலூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். பஸ் டிப்போவில் மெக்கானிக். முதல் மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வேப்ப மரத்தடியில் என்னைப் பார்த்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், "மடத்துல பாட்டெல்லாம் நல்லா சொல்லிக் குடுப்பாங்களாமே" என்றார். நகத்தின் ஓரத்தில் கிரீஸ் கறை. தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கிறார், போகவில்லை. அந்தக் கறை எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வாரம் நான் பாடிக்கொண்டேதான் முந்திரிக்கொட்டை உடைத்தேன்.

கல்யாணமென்றால் இன்னாருக்கு இன்னார் என்று கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து அறிவிக்க வேண்டும். அதற்குப் பெண்ணின் அப்பா சாமியாரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அக்கா அப்பாவிடம் கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மடத்துல இருக்கிற புள்ளைக்கு யாராச்சும் மாப்ள பாப்பாங்களாடி? பாவம் புடிக்கும்" என்றார் அப்பா.

"எந்த மடத்துலப்பா? உள்ள நின்னுக்கிட்டிருக்கா பாருங்க" என்று அக்கா கத்தினாள்.

அவர் பார்க்கவில்லை. அக்கா அழுதாள், திட்டினாள், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள். அந்த மனுஷன் தபசு காலம் முழுக்கக் காத்திருந்தாராம். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் வேறிடத்தில் அவருக்கு ஓலை வாசித்துவிட்டார்கள் என்று அக்கா கார்டு போட்டாள். அன்று சாயங்காலமும் ஜெபமாலை இருந்தது. மடத்தில் இருக்கிற பிள்ளைக்காக நானும் வேண்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் முந்திரிப் பழம் பழுத்த காலத்தில் தோப்புக் காவலுக்கு நான்தான் போனேன். பகல் முழுக்க ஓர் ஆள் நடமாட்டம் இருக்காது. முதலில் சில நாட்கள் ஆண்டவரை வாய்விட்டுத் திட்டினேன். சும்மா இல்லை, பெயர் வைத்துத் திட்டினேன். ஊமை என்றேன், செவிடு என்றேன், உமக்கு என் அப்பாவே மேல் என்றேன். அவராவது மாட்டின் வழியாகவேனும் பேசுகிறார், நீர் அதுகூட இல்லையே என்றேன். ஒரு வாரத்தில் என்னிடமிருந்த வசவெல்லாம் தீர்ந்துபோயிற்று. புதிதாக ஒன்றும் வரவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். சருகில் பழம் விழும் சத்தம், எங்கோ ஒரு செம்போத்து, தூரத்தில் ஆண்டிமடம் போகும் பஸ். ஆண்டவர் அப்போதும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நானும் அவருக்குப் பதிலாக எதையும் கட்டிச் சொல்லவில்லை. நேரம் போனதே தெரியவில்லை. மறுநாளும் அப்படியே உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த நாளும். அது ஜெபம்தான் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் அவர்கள் மேல் முந்திரிப் பழத்தை எறிந்திருப்பேன். தனிமை ஒன்றும் குறையவில்லை. அதோடு உட்காரத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் சாயங்காலத்துக்கும் வந்துவிட்டது. அப்பாவின் முன்பாதியை அதுவரை நான் என் பின்பாதியை எடுக்கிற இடத்துக்காக மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இப்போது அந்தக் குரலைக் கேட்டேன். மூன்றாம் பத்துக்கு வரும்போது முழங்கால் வலியில் மூச்சு இழுக்கும். அம்மா இறந்த தேதியில் யாரோ துரத்துகிற மாதிரி வேகமாகச் சொல்வார். மழை பொய்த்த வருஷத்தில் மழைக்கான கருத்தைச் சொல்லும்போது குரல் இறங்கிக் கெஞ்சும். என்னிடம் வாய் திறந்து பேசிய காலத்தில்கூட அவரை நான் இத்தனை அறிந்ததில்லை. கடைசியில் அந்த வாசகம் வரும். முதல் வருஷங்களில் அதைக் கல்லை எறிகிற மாதிரி எறிவார். பிறகு வருஷம் ஆக ஆக, அதற்கு முன்னால் ஒரு சின்ன இருமல் வந்தது. அந்த இருமல் வரும்போதெல்லாம் நிமிர்ந்து காத்திருப்பேன். இன்றைக்கு மாற்றிவிடுவார், இன்றைக்கு மாற்றிவிடுவார் என்று. இருமிவிட்டு அதையேதான் சொல்வார்.

எட்டாம் வருஷம் ஒரு காலையில் தோப்பில் விழுந்துவிட்டார். தூக்கி வண்டியில் போட்டு, பிறகு கார் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. வாய் கோணிப்போயிற்று. அண்ணன்கள் வந்து இரண்டு நாள் இருந்தார்கள். வாசலை மிதிக்கமாட்டேன் என்ற அக்கா ஒரு வாரம் இருந்தாள். பிறகு எல்லோருக்கும் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது. கடைசியில் வீட்டுக்குக் கூட்டி வந்தபோது மறுபடியும் நாங்கள் இரண்டு பேர்தான். கழுவிவிடுவதும் துணி மாற்றுவதும் கஞ்சி ஊட்டுவதும் நான். கஞ்சியை வாங்கும்போது கண்ணைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வார். மாட்டிடம் சொல்லி அனுப்பவும் இப்போது நாக்கு புரளவில்லை. ஒரு வார்த்தைக்கு ஒரு மலை ஏற வேண்டியிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் அவர் இடது கை ஜெபமாலையைத் தேடியது. எடுத்துக் கொடுத்தேன். முன்பாதியைச் சொல்ல அவரால் முடியாது. நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று தொடங்கினேன். அவர் பின்பாதியைக் குழறினார். வார்த்தை ஒன்றும் வார்த்தையாக இல்லை. ஆனால் ஒன்றையும் விடவில்லை. ஐம்பத்து மூன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு கருத்துக்கள். பாப்பரசர், ஆத்துமாக்கள், அம்மா, மழை, அண்ணன்கள், அக்கா. எல்லாம் சொல்லிவிட்டு நான் சிலுவை வரைந்துகொண்டேன். அவர் வரைந்துகொள்ளவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியோடு வந்து நின்ற நாளுக்கப்புறம், எட்டு வருஷத்தில் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான். "ம்" என்றார். மீதியைச் சொல் என்று அர்த்தம்.

எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. நோயாளி என்றுகூடப் பார்க்கவில்லை. "அதையும் என் வாயாலயே சொல்லணுமாப்பா? மடத்துல யாரும் இல்ல. நான் இங்கதான் இருக்கேன். எட்டு வருசமா ஒங்க முதுகுக்குப் பின்னாடியேதான் இருக்கேன்" என்றேன். எழுந்து போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். ஜெபமாலை கையிலேயே இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படியே போயிற்று. அக்கா பெயரோடு நான் நிறுத்துவேன். அவர் "ம்" என்பார். நான் விளக்கைத் தணிப்பேன். சிலுவை வரையாமலே அவர் தூங்குவார். ஜெபத்தை முடிக்காமல் தூங்குகிற அப்பாவை நான் அதுவரை கண்டதில்லை. அதைப் பார்க்க எனக்கு வெற்றியாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், மடத்தில் இருக்கிற பிள்ளைக்காக என்றே சொல்லித் தொலைத்துவிடலாம், கிழவர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்ற எண்ணத்தோடுதான் முழங்காலில் நின்றேன். அக்கா பெயர் முடிந்தது. வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. பொய் சொல்லிப் பொய் சொல்லித்தான் மடத்திலிருந்து வந்தேன், மறுபடியும் அதையே செய்ய மாட்டேன் என்று உள்ளே ஏதோ அடம்பிடித்தது.

"இந்த வூட்டுல இருக்கிற புள்ளைக்காக, ஒரு பரலோக மந்திரம்" என்றேன். முன்பாதியைச் சொன்னேன். நிறுத்தினேன்.

அவர் கண் கூரையில் இருந்தது. நான் பின்பாதியை நானே சொல்லி முடித்திருக்கலாம். அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு சிலுவை வரைந்திருக்கலாம். எனக்குத்தான் அது கைவந்த வித்தையாயிற்றே. செய்யவில்லை. முழங்காலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். மாடு அசை போடும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு ரேடியோ கேட்டது. அப்பாவின் மூச்சு தொண்டையில் ஏறி இறங்குவது கேட்டது. சொல்லமாட்டார் என்றுதான் தோன்றியது. சொல்லாவிட்டாலும் கேட்டுக்கொண்டே இருப்பது என்று இருந்தேன்.

அப்பாவின் வாய் அசைந்தது. முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வார்த்தை வந்தது.

"பேரச்... சொல்லு."

அண்ணன்களுக்கும் அக்காவுக்கும் ஞானஸ்நானப் பெயரை முழுசாகச் சொல்லித்தான் அவர் வேண்டிக்கொள்வார். வெறுமே 'பிள்ளைக்காக' என்றால் எந்தப் பிள்ளை என்று ஆண்டவருக்குத் தெரிய வேண்டாமா? என் பெயரை நானே ஜெபத்தில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நாக்குக் கூசியது. சொன்னேன். என் பெயர், கூடவே அவருடைய பெயர். இன்னாருடைய மகள் இன்னாருக்காக.

மறுபடியும் முன்பாதியைத் தொடங்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடங்கிவிட்டார். "பரலோகத்தில் இருக்கிற" என்று, கோணிய வாயால், பழையபடி முன்பாதியை. பின்பாதியைச் சொல்ல வேண்டியவள் நான். ஓர் எழுத்து வரவில்லை. அப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என் பாதியையும் அவரே சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.